அகர வரிசைப்படி

ஆகஸ்ட், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.
தென் கரோலினா வெயிலில்
தாளுக்கும் வியர்த்தது.
என் மேசையில் இரண்டு மரப்பெட்டிகள்.
ஒன்று இந்தப் பள்ளிக்கூடத்துடையது, வெள்ளை அட்டைகள்.
மற்றது ரயில்பாதைக்கு அப்பால்
பூட்டிவிட்ட எங்கள் பள்ளிக்கூடத்துடையது.
மஞ்சள். மலிவில் மஞ்சள்தான் கிடைத்தது
இருபத்திரண்டு வருஷமும்.

எங்கள் கோப்பைகள், கூடைப்பந்து, பேச்சுப்போட்டி,
பித்தளைக் கொம்புகள் வாங்கித்தந்த வெள்ளிக்கேடயம்,
எல்லாம் லாரியேறிக் குப்பைமேட்டுக்குப் போயின.
இங்கே அலமாரியில் இடமில்லையாம்.
அட்டைகளுக்கு மட்டும் இருந்தது.

"இரண்டையும் ஒன்றாக்கிவிடு, வெர்டெல்" என்றார் தலைமையாசிரியர்.
அங்கே நான் திருமதி கெய்லர்ட்.
இங்கே வெர்டெல்.
என்னைவிடப் பத்து வயது இளைய ஸ்ட்ரவுட்
இங்கே திருமதி ஸ்ட்ரவுட்.

நீதிமன்றம் சொல்லியும்
ஊர் பதினாறு வருஷம் மென்றுகொண்டிருந்ததை
நான் ஒரு மத்தியானத்தில் முடித்தேன்.
கட்டைவிரலில் ஈரம் தொட்டு
வெள்ளை, மஞ்சள், மஞ்சள், வெள்ளை.
முன்வாசலால் வருகிறவர் யார்,
பின்வாசலால் வரப் பழக்கப்பட்டவர் யார்,
எழுத்துக்குத் தெரியாது.

ஹெச் வந்தபோது கை நின்றது.
ஹாலிஃபீல்ட், எர்னெஸ்டின். மஞ்சள்.
ஹாலிஃபீல்ட், ரேண்டல். வெள்ளை.
நடுவில் நுழைய வேறு பெயர் இல்லை.
ஒரே பெயர் எப்படி இரண்டு நிறத்தில் வந்தது என்று
இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை.
பருத்திக் கணக்கெழுதிய பழைய நோட்டொன்றில்
கோவேறு கழுதைகளுக்குக் கீழே
வயதும் விலையுமாய் எங்கள் ஆட்கள் இருக்கிறார்களாம்.
அதுவும் அகர வரிசையில்தானா, நான் பார்த்ததில்லை.

வகுப்பில் அட்டைப்படி இருக்கை.
அவள் முன்னால், அவன் பின்னால்.
மூன்றாம் நாள் தொலைபேசி அடித்தது. அவன் அம்மா.
துணியில் ஊசி இறங்குவதுபோல் கண்ணியமான குரல்:
"பையனுக்குக் கரும்பலகை மறைக்கிறதாம்."

கழுத்துப்பட்டையைத் தளர்த்தியபடி வந்தார் தலைமையாசிரியர்.
உயரப்படி போட்டுப் பார், என்றார்.
போட்டேன். கடைசி வரிசை முழுக்கப் பந்தாட்டக்காரர்கள்,
இரு நிறத்திலும்.
பிறந்த தேதிப்படி?
மார்ச் மாதம் அதைக் கெடுத்தது.
போன வருஷத்துக் கணக்கு மதிப்பெண்?
பாதியில் அவரே போதுமென்றார்.

பாவம், அவருக்கு வேண்டிய வரிசை ஒன்றே ஒன்று.
அதை இப்போது வாய்விட்டுச் சொன்னால்
நீதிபதிக்குப் பதில் எழுதவேண்டி வரும்.
நான் சொல்லட்டும் என்று காத்து நின்றார்.
நான் தட்டச்சில் நாடா மாற்றிக்கொண்டிருந்தேன்.
நாடா மாற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

அக்டோபரில் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் நிலவறையில்
புதிதாக ஒரு பள்ளி முளைத்தது.
அகாடமி என்று பலகை, சீருடை, கட்டணம்.
முப்பத்தோரு வெள்ளை அட்டைகளில்
விலகல் முத்திரை குத்தினேன்.
முப்பத்திரண்டாவது ரேண்டல்.
கையெழுத்திட அவனே வந்தான்.
சட்டைப்பையிலிருந்து ஒரு காம்பஸை எடுத்து
முள்ளைத் தன் பக்கம் திருப்பி வைத்தான்.
"எர்னெஸ்டினுடையது. கொடுத்துவிடுங்கள்."
கதவருகே போய், "நன்றி, மேடம்" என்றான்.
பிறகு நடைக்கூடத்தை எட்டிப் பார்த்தான்,
யாருக்காவது கேட்டுவிட்டதா என்று.

அட்டையை உருவினேன்.
மஞ்சள் அட்டை அந்த இடைவெளியில் சாய்ந்தது.
நிமிர்த்திப் பின்னாலிருந்ததை முன்னே தள்ளினேன்.
ஹாலிஸ், கர்ட்டிஸ். வெள்ளை.
அவன் அப்பாவுக்கு நூற்பாலையில் இரவு வேலை.
அகாடமிக்குக் கட்டக் காசில்லை.